பதவி ஓய்வும் அழைப்பின் தொடர்ச்சியும்: ஜி.யு. போப்பின் முதுமைக்காலத் தமிழ்ப்பணி குறித்த கிறித்தவ நோக்கிலான மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பணி ஓய்வுக்குப் பிந்திய வாழ்வின் பொருள் யாது என்ற வினாவிற்குக் கிறித்தவ மரபு தரும் விடையை, ஜி.யு. போப் (1820–1908) தம் முதுமையில் வெளியிட்ட மூன்று பதிப்புகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. திருக்குறள் (1886), நாலடியார் (1893), திருவாசகம் (1900) ஆகியவை அவர் தமிழகத்து மறைப்பணியை விட்டு நீங்கிய பின் வெளிவந்தவை. இவற்றைப் பொதுவாக ஒரே தமிழ்ப்பற்றின் மூன்று கனிகளாகக் காண்பர். ஆயின் குறள் பதிப்பில் தம் முந்தைய பதவியின் பார்வையைக் கைவிடாத போப், திருவாசகப் பதிப்பில் அதனை இறக்கிவைத்துக் கேட்பவராக மாறுகிறார். கிறித்தவ நோக்கில் ஓய்வின் நோக்கம் இம்மாற்றத்திலேயே அடங்கியுள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: பணி ஓய்வு, இறையழைப்பு, இளைப்பாறுதல், ஜி.யு. போப், திருவாசகம், கிறித்தவத் தமிழ்.

முன்னுரை

திருவாசக மொழிபெயர்ப்பு நூலின் முன்னுரைக்குப் போப் இட்ட நாள் அவருடைய 80ஆம் பிறந்தநாள். 1837இல் முதல் தமிழ்ப் பாடம் கற்றதை அங்கு அவர் நினைவுகூர்கிறார். 63 ஆண்டுக்காலத் தமிழ்ப் பயிற்சி அந்நூலோடு நிறைவுறுவதாகக் கருதி விடைபெறுகிறார். அதே முன்னுரையில் ஒரு மாலை நேர உரையாடலும் பதிவாகியுள்ளது. ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரியின் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டும் போப்பும் உணவிற்குப் பின் கல்லூரி முற்றத்தில் உலவுகின்றனர். பேச்சு தமிழ்க் கவிதையையும் தத்துவத்தையும் பற்றியது. இதனை அச்சிட வேண்டும் என்கிறார் ஜோவெட். தமக்குச் சாவாவரம் இல்லை, பணியோ நெடியது என்கிறார் போப். ஜோவெட் அவர் தோளில் கைவைத்து, பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழும் வழி என்றும், அதனை முடிக்கும்வரை அவர் வாழ்வார் என்றும் கூறுகிறார். ஜோவெட் 1893இல் மறைந்தார். அவர் கூறியவாறே போப் நூலை முடித்தார்.

இந்நிகழ்ச்சி போப்பின் வரலாற்றை எழுதுவோரால் பெரிதும் எடுத்துரைக்கப்படுவது. ஆயினும் இதில் உள்ள சிக்கல் போதிய கவனம் பெறவில்லை. பணி மனிதனை வாழவைக்கிறது என்பது ஜோவெட்டின் கூற்று. அவ்வாறாயின் பணி முடிந்ததும் மனிதனின் பொருளும் முடிந்துவிடுகிறதா? பதவி நீங்கிய பின் இன்னொரு பணியைத் தேடிக்கொள்வதுதான் ஓய்வுக்கால வாழ்வின் நோக்கமா? கிறித்தவ இறையியல் இவ்வினாவை வேறு முறையில் அணுகுகிறது.

ஓய்வும் இளைப்பாறுதலும்

பணிக்காலம் முடிந்தவரைத் தமிழகத்தார் ‘ஓய்வு பெற்றவர்’ என்பர். ஈழத்தமிழ் வழக்கில் ‘இளைப்பாறிய ஆசிரியர்’, ‘இளைப்பாறிய அதிபர்’ என்பன இயல்பான தொடர்கள். இவ்விரு சொற்களும் தமிழ் வேதாகமத்தில் முதன்மையான இடம் பெற்றவை என்பது நோக்கத்தக்கது. ஏழாம் நாள் ‘ஓய்வுநாள்’ எனப்படுகிறது. சுமை சுமப்போருக்குக் கிறிஸ்து அளிக்கும் வாக்குறுதியிலும், எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் நான்காம் அதிகாரத்திலும் ‘இளைப்பாறுதல்’ என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது.

அலுவலக வழக்கில் ஓய்வு என்பது உழைப்பின் முடிவு; ஊதியம் நின்று ஓய்வூதியம் தொடங்கும் நாள். வேதாகம வழக்கில் ஓய்வு படைப்பின் நிறைவு. ஆதியாகமத்தில் மனிதன் ஆறாம் நாளில் படைக்கப்படுகிறான். அவன் காணும் முதல் முழுநாளே ஓய்வுநாளாக அமைகிறது. அதாவது உழைத்துப் பெற்ற கூலியாக ஓய்வு அவனுக்கு வரவில்லை, கொடையாக வருகிறது. இவ்வேறுபாடே கிறித்தவ நோக்கில் முதுமையைப் புரிந்துகொள்ளும் திறவுகோல். பயன்பாட்டினால் மட்டும் மனிதனின் மதிப்பு அளக்கப்படுமாயின் பதவி நீங்கியவன் மதிப்பிழந்தவனாவான். மதிப்பு முன்னரே கொடையாக அளிக்கப்பட்டதாயின் பதவி நீக்கம் அதனைத் தொடாது.

வேதாகமத்தில் முதுமைப்பணி

வேதாகமத்தில் வயதுவரம்போடு கூடிய பணி ஓய்வு விதியாகக் கூறப்படும் இடம் எண்ணாகமம் எட்டாம் அதிகாரம். ஆசரிப்புக் கூடாரத்தில் ஊழியம் செய்யும் லேவியர் 50 வயதில் அவ்வூழியத்திலிருந்து விலக வேண்டும். ஆனால் அவர்கள் வெளியேற்றப்படுவதில்லை. தம் சகோதரரோடு இருந்து காவல் காக்கத் துணைசெய்யலாம்; சுமக்கும் வேலையை மட்டும் செய்யலாகாது. பதவி இளையவரிடம் செல்கிறது. இடம் முதியவரிடமே இருக்கிறது. முதியவர் பணியைத் தொடர்ந்து ஆள்வதையும், அதிலிருந்து முற்றிலும் அகல்வதையும் இவ்விதி ஒருசேர மறுக்கிறது.

லூக்கா நற்செய்தியில் எதிரும் புதிருமான இரு சித்திரங்கள் உள்ளன. பன்னிரண்டாம் அதிகாரத்துச் செல்வன் தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டி, இனிப் பல ஆண்டுகள் உண்டு களித்திருக்கலாம் என்று தன் உள்ளத்திற்கே சொல்லிக்கொள்கிறான். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்படுகிறது. அவன் திட்டத்தில் வேறெவரும் இல்லை என்பதே அவன் குறை. இரண்டாம் அதிகாரத்தில் சிமியோனும் அன்னாளும் வருகின்றனர். சிமியோன் எதையும் கட்டவில்லை; ஒரு குழந்தையைக் கைகளில் ஏந்திக்கொள்கிறார். நெடுங்காலம் காத்திருந்தவர் இறுதியில் செய்யும் செயல் ‘ஏற்றுக்கொள்ளல்’ ஒன்றே.

தமிழ் மரபிலும் இதற்கு இணையான சிந்தனை உண்டு. இல்வாழ்வின் கடைக்காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடி உயர்ந்ததைப் பயில வேண்டும் என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுகிறது. முதுமை அங்குப் பயிலும் பருவமாகவே காட்டப்படுகிறது. போப்பின் முதுமையை மதிப்பிடுவதற்கு இவ்விரு மரபுகளும் துணைசெய்கின்றன.

பதவிக்காலமும் பதவி நீங்கிய காலமும்

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த போப், 1839இல் தம் 19ஆம் வயதில் சென்னை வந்தார். சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் என அவர் பணியிடங்கள் மாறின. சாயர்புரத்தில் இறையியல் பள்ளியை நிறுவியவர். பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவர். இடையில் சிலகாலம் இங்கிலாந்து சென்றுவந்தது நீங்கலாக, ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவர் கற்பித்தார், நிருவகித்தார், போதித்தார். கடும் ஒழுங்கை வற்புறுத்தும் பள்ளித்தலைவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. தமிழ் இலக்கணக் கையேடுகளை அக்காலத்திலேயே எழுதினார் எனினும் அவை பயிற்றுநூல்கள். கற்பிக்கும் பதவியின் நீட்சிகள்.

1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பியபோது அவர் 60 வயதைக் கடந்திருந்தார். 1884 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பின்னர்ப் பேலியல் கல்லூரியின் குருவாகவும் இருந்தார். எனவே இதனை ஓய்வு என அழைக்கலாமா என்ற ஐயம் எழலாம். அவர் ஊதியமற்று இருந்தவர் அல்லர். மேலும் அவ்விரிவுரைப் பதவி இந்திய ஆட்சிப்பணிக்குத் தேர்வான இளைஞரைப் பயிற்றும் தேவையோடு தொடர்புடையது. பேரரசின் நிழலில் அமைந்த முதுமை அது என்பதை மறைத்தல் ஆய்வு நேர்மையாகாது. அத்தகைய இடமோ நூலக வசதியோ அவர் பயிற்றுவித்த தமிழ் உபதேசியார்களுக்குக் கிட்டியிருக்காது என்பதும் கருதத்தக்கது.

ஆயினும் வாழ்வின் மையப்பணியாகிய மறைப்பணிப் பொறுப்பிலிருந்து அவர் விலகிவிட்டார் என்பது உண்மை. சபையும் பள்ளியும் மாணவர் கூட்டமும் இப்போது அவர் கையில் இல்லை. ஆட்சிப்பணி இளைஞருக்கு வேண்டியது வழக்குமன்றத் தமிழும் வருவாய்த்துறைத் தமிழும், திருவாசகம் அன்று. எவரும் கேளாத, எந்தப் பதவியும் வேண்டாத ஒரு பணியை அவர் தாமே மேற்கொண்டார் என்பதால் இக்காலத்தை ஓய்வுக்காலம் எனக் கொள்வது பொருந்தும்.

குறள் பதிப்பு: நீங்காத பதவி

1886இல் வெளிவந்த குறள் பதிப்பின் முன்னுரையில் போப் திருவள்ளுவர்பால் கொண்ட மதிப்பு ஐயத்திற்கு இடமற்றது. அம்மதிப்பின் அமைப்பே ஆராயத்தக்கது. வள்ளுவரைக் கி.பி. 800க்கும் 1000க்கும் இடைப்பட்டவராகக் கொள்ளும் போப், மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறித்தவ ஆசிரியர்களோடு அவர் உலவி உரையாடியிருக்கலாம் எனக் கற்பனை செய்கிறார். குறளின் உயர்ந்த அறக்கருத்துகளுக்குக் கிறித்தவப் போதனை ஒரு மூலமாக இருந்திருக்கலாம் என்பது அக்கற்பனையின் உட்கிடை.

இக்கருத்தைத் தமிழ் ஆய்வுலகம் ஏற்கவில்லை. அதற்குச் சான்றும் இல்லை, போப் கொண்ட காலக்கணிப்பும் நிலைக்கவில்லை. இக்கட்டுரை எழுப்பும் வினா சற்று வேறானது: போப்புக்கு அக்கற்பனை ஏன் தேவைப்பட்டது? 40 ஆண்டுகள் போதித்தவர் ஒரு நூலில் உயர்ந்ததைக் காணும்போது அது தம் தரப்பிலிருந்து வந்திருக்க வேண்டும் என எண்ணுகிறார். ஆசிரியர் இடத்தில் கிறித்தவரையும் மாணவர் இடத்தில் வள்ளுவரையும் அமர்த்துகிறார். சாயர்புரத்து வகுப்பறையின் அமைப்பே மயிலாப்பூர்க் கடற்கரைக்கு இடம்பெயர்ந்துள்ளது. பதவி நீங்கிய பின்னும் பதவியின் மனநிலை நீங்கவில்லை. கிறித்தவ அளவுகோலால் நோக்கினும் இது குறையே. உயர்ந்தது எங்கிருப்பினும் அது கொடை என்று நம்பும் ஒருவர் அதன் வரவுக்கு உரிமை கொண்டாட வேண்டுவதில்லை.

திருவாசகப் பதிப்பு: கேட்டலின் தொடக்கம்

நாலடியார் பதிப்பு 1893இல் ஆக்ஸ்ஃபோர்டு கிளாரண்டன் அச்சகத்தின் வழி வெளிவந்தது. சமண முனிவரின் பாக்களாக மரபு போற்றும் அந்நூலைப் பதிப்பித்தபோது போப்புக்கு 73 வயது. அதன்பின் ஏழு ஆண்டுகள் கழித்துத் திருவாசகம் வெளிவருகிறது. அறநூல்களிலிருந்து பக்திநூலுக்குச் சென்ற இந்நகர்வு எளிய ஒன்றன்று. அறத்தில் சமயங்கள் ஒன்றுபடுதல் இயல்பு. வழிபாட்டிலோ அவை வேறுபடும். ஒரு கிறித்தவக் குரு சிவபெருமானை நோக்கிய 51 பகுதிகளையும் முழுமையாக மொழிபெயர்க்க, பிறருடைய வேண்டுதலின் அகத்திற்குள் பல ஆண்டுகள் தங்க வேண்டும்.

இந்நூலில் போப்பின் ஒப்பீட்டு முறை மாறியுள்ளது. மாணிக்கவாசகரின் ஆளுமையில் பவுல் அடிகளையும் அசிசி நகரத்துப் பிரான்சிசையும் நினைவூட்டும் பண்புகள் கலந்திருப்பதாக அவர் கருதுகிறார். அளவுகோல் இன்னும் கிறித்தவருடையதே. ஆயின் குறள் முன்னுரையில் அவர் தேடியது ‘மூலம்’. இங்கு அவர் காண்பது ‘ஒப்புமை’. மூலம் காண்பவர் மேலே நின்று வழங்குபவரைத் தேடுகிறார். ஒப்புமை காண்பவர் இருவரையும் அருகருகே நிறுத்துகிறார். சைவ சித்தாந்தத்தைப் பின்னிணைப்புகளில் விளக்குவதும், உமாபதி சிவத்தின் திருவருட்பயனை மொழிபெயர்த்துத் தருவதும், மாணிக்கவாசகரை அவருடைய மரபின் மொழியிலேயே கேட்க முனைந்ததன் அடையாளங்கள்.

இதனைப் போப்பின் சமய மாற்றமாகக் காட்டுவோர் உண்டு. திருவாசகம் படிக்கையில் அவர் கண்ணீர் கடிதத்தில் விழுந்தது போன்ற செவிவழிச் செய்திகள் அந்நோக்கிற்குத் துணையாக்கப்படுகின்றன. அது பிழையான வாசிப்பு. சைவக் கொள்கைகளோடு தாம் மாறுபடும் இடங்களை அவர் மறைக்கவில்லை. இறுதிவரை ஆங்கிலிகக் குருவாகவே இருந்தார். அவர் விட்டுக்கொடுத்தது நம்பிக்கையை அன்று, கற்பிக்கும் இருக்கையை. இவ்வேறுபாட்டைக் காணாத வாசிப்பு அவர் முதுமையின் அருமையைக் குறைத்துவிடும். தம் நம்பிக்கையை இழந்தவர் பிறர் குரலைக் கேட்பது எளிது. அதனைக் காத்துக்கொண்டே கேட்பதுதான் அரிது.

அவர் இறுதியில் தேர்ந்த புலவர் யார் என்பதும் நோக்கத்தக்கது. மரபுவழி வரலாற்றில் மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கச் சென்ற வழியில் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு பதவியைத் துறந்தவர். அது முதுமை ஓய்வன்று, இடைமுறிவு. எனினும் பதவிக்கும் அழைப்பிற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் அதனினும் கூர்மையாகக் காட்டும் வரலாறு அரிது.

காவற்பணியாக அகராதியும் சொல்லடைவும்

மூன்று பதிப்புகளிலும் மொழிபெயர்ப்போடு சொல்லகராதியும் சொல்லடைவும் இணைந்துள்ளன. திறனாய்வாளர் பலர் போப்பின் செய்யுள் மொழிபெயர்ப்பையே விவாதித்துள்ளனர். ஆங்கில யாப்பின் நெருக்கடியில் குறளின் செறிவு தளர்ந்தது என்ற குறைபாட்டில் உண்மை உண்டு. ஆயின் அகராதிப் பகுதிகளை நோக்கினால் வேறொரு மனிதர் தென்படுகிறார். சொல்லடைவு தயாரிப்பது புகழ் தராத உழைப்பு. ஒவ்வொரு சொல்லும் வரும் இடங்களைத் தேடிக் குறித்து வரிசைப்படுத்தும் அப்பணியின் பயன் முழுவதும் பின்வரும் வாசகருக்கே உரியது. ஒரு பாடலைப் போப் தவறாகப் புரிந்திருப்பின் அதனைக் கண்டறியும் கருவியையும் அவரே வாசகரிடம் கொடுத்துவிடுகிறார்.

எண்ணாகமம் கூறும் ஓய்வுபெற்ற லேவியரின் காவற்பணிக்கு இது மிக நெருங்கிய உவமை. சுமப்பவர் வேறு, காத்து நிற்பவர் இவர். முதியவர் தம் முடிவுகளை இளையவர்மேல் சுமத்தாமல், அவர்கள் தாமே முடிவு காணும் வழிகளைத் திறந்துவைப்பது ஓய்வுக்கால நோக்கத்தின் உயர்ந்த வடிவம் எனலாம்.

சாயர்புரம் காட்டும் இன்னொரு முதுமை

போப்பின் வாழ்வு மட்டுமே இந்நோக்கிற்குச் சான்று எனக் கொள்ளின் அது ஐரோப்பியருக்கே வாய்த்த ஒன்றாகத் தோன்றக்கூடும். போப் தொடங்கிய சாயர்புரம் பள்ளியில் பின்னர்த் தமிழாசிரியராகப் பணியாற்றிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) அத்தோற்றத்தைத் திருத்துகிறார். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், ஜான் பனியனின் ஆங்கில உரைநடைப் பயணக்கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார். 1894இல் அது நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது 67. கிறித்தவப் பொருளைப் பாடிய அந்நூல், அவர் இளமையில் பயின்ற கம்பனின் காப்பிய மொழியை விட்டுவிடவில்லை.

இருவரின் முதுமைப்பணியும் எதிரெதிர்த் திசையில் ஒரே பாலத்தைக் கடக்கிறது. ஆங்கிலேயர் சைவத் தமிழை ஆங்கிலத்திற்குக் கொண்டுசெல்கிறார். தமிழர் ஆங்கிலக் கிறித்தவத்தைக் கம்பன் மொழிக்குள் கொண்டுவருகிறார். கிருஷ்ண பிள்ளை மறைந்த 1900ஆம் ஆண்டிலேயே திருவாசகப் பதிப்பு வெளிவந்தது. இருவரும் முதுமையில் தம் தொடக்கத்திற்குத் திரும்புகின்றனர்: ஒருவர் முதலில் கற்ற தமிழ்ப் பாடத்திற்கு, மற்றவர் இளமையில் கேட்ட காப்பிய ஓசைக்கு.

கல்லறைக் கதையின் உண்மை

தம் கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ எனப் பொறிக்குமாறு போப் வேண்டினார் என்ற செய்தி தமிழ்ப் பாடநூல்கள், மேடைகள் வழியாகப் பரவியுள்ளது. ஆக்ஸ்ஃபோர்டு புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் உள்ள நடுகல்லில் அத்தொடர் இல்லை. தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என அவரைக் குறிப்பிட்டு, ஆக்ஸ்ஃபோர்டுப் பதவிகளைச் சுட்டி, குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்போடு அமைத்தது என்றே அக்கல் கூறுகிறது. ஜோவெட்டின் கல்லறையும் அத்தோட்டத்திலேயே உள்ளது.

கல்லில் இல்லாததை உண்டு என எழுதுவதை ஆய்வாளர் கைவிட வேண்டும். அதே வேளையில் அக்கதை ஏன் தோன்றியது எனவும் கேட்க வேண்டும். ஆசிரியராக வந்தவர் மாணவராக முடிந்தார் என்பதைத் தமிழ் வாசகர் நூல்களின் வழியே உணர்ந்துள்ளனர். அவ்வுணர்வு கல்வெட்டு வடிவம் தேடிக்கொண்டது. அவ்வகையில் கதை பொய். கதை சுட்டும் திசை மெய். எனினும் அக்கதை போப்பின் கிறித்தவத்தை விலக்கிவிட்டுத் தமிழ்ப்பற்றை மட்டும் காட்டுகிறது. மாணவராகும் பணிவை அவர் தம் சமயத்திலிருந்தே பெற்றிருக்கக்கூடும் என்ற வாய்ப்பை அது மூடிவிடுகிறது.

முடிவுரை

பெரும்பணி மனிதனை வாழவைக்கும் என்ற ஜோவெட்டின் கூற்று ஆறுதல் தருவது, முழுமையானதன்று. நூலை முடித்த பின்னும் போப் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். வேந்தியல் ஆசியக் கழகம் 1906இல் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. வாழ்நாள் நூலின் அளவினதாக இருக்கவில்லை. பணி முடிந்தபின் எஞ்சும் அவ்வாண்டுகளுக்கும் பொருளுண்டு என்பதே கிறித்தவ மரபின் ஓய்வுநாட் சிந்தனை.

போப்பின் மூன்று பதிப்புகள் காட்டும் படிநிலை இதுவாகும்: பதவி நீங்குதல் ஒருநாளில் நிகழ்வது, பதவியின் மனநிலை நீங்குவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. குறள் பதிப்பில் அவர் ஊர் மாறியிருந்தார். திருவாசகப் பதிப்பில் இருக்கை மாறியிருந்தார். கற்பித்தவர் கற்பவராதல், சுமந்தவர் காப்பவராதல், வழங்கியவர் ஏற்பவராதல் ஆகிய மூன்றும் கிறித்தவ நோக்கில் ஓய்வின் நோக்கங்களாக அமைகின்றன. போப்பைத் தமிழ்த் தொண்டர் என்று மட்டுமோ, மறைப்பணியாளர் என்று மட்டுமோ காணும் வாசிப்புகள் இப்படிநிலையைத் தவறவிடுகின்றன. இரண்டையும் சேர்த்துக் காணும்போதுதான் 1886க்கும் 1900க்கும் இடையில் ஒரு முதியவர் கடந்த தொலைவு புலனாகிறது.